பொன்னாடைக்குக் கடையில் அரிசி தருவார்களா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இசை படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு,

உங்கள் வீட்டு ஷோகேஸை ஒரு தடவை திறந்து பாருங்கள். மேல்தட்டில் ஷீல்டுகள். நடுத்தட்டில் சட்டம் போட்ட சான்றிதழ்கள். கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பொன்னாடைகள், ஜரிகை கறுத்துப்போய். ஷீல்டு ஒன்றைக் கையில் எடுத்தால் உபயதாரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கமிட்டித் தலைவர் பெயர் அதற்கடுத்த அளவில் இருக்கும். இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பாடிய உங்கள் பெண்ணின் பெயர் கடைசியில், அதுவும் ஓர் எழுத்துப் பிழையோடு இருக்கும். சரி, இந்த நிகழ்ச்சிகளில் எத்தனைக்குப் பிள்ளையின் கையில் பணம் வந்தது?

கோபப்படாதீர்கள். என் வீட்டிலும் இசை படிக்கிற பிள்ளை உண்டு. காலையில் டிபன் டப்பாவைக் கையில் திணித்து, பஸ் மாறி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்துக்கு அனுப்புகிற வீடுதான் எங்களுடையதும். அந்த உரிமையில்தான் பேசுகிறேன். பிள்ளைக்கு நாலு வருணம், நாற்பது கீர்த்தனை வந்துவிட்டதா என்று கேட்கிறோம். கச்சேரிக்கு அழைத்தவரிடம் ‘எவ்வளவு தருவீங்க சார்’ என்று கேட்க வாய் வருமா என்று யாராவது கேட்டோமா? கேட்டால் திமிர் என்கிறோம். கேட்காமல் வெறுங்கையோடு வந்தால் ‘பாட்டு சோறு போடுமா, அப்பவே நர்சிங் சேருன்னு சொன்னேன்’ என்று ஆரம்பிக்கிறோம். ஒரு பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் போகும்?

நம் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோகிராபர் வாட்ஸ்ஆப்பில் கொட்டேஷன் அனுப்புகிறார். கேண்டிட் இவ்வளவு, ட்ரோன் இவ்வளவு, ஆல்பம் இத்தனை பக்கம், கூடுதல் பக்கத்துக்குத் தனி, பாதி முன்பணம். நாம் வாயைத் திறக்காமல் ஜிபே பண்ணிவிடுகிறோம். அதே கல்யாணத்துக்கு மேளக்காரர் வாசலில் வந்து நின்றால்? ‘நாலு பேர் செட்டு எதுக்கு, ரெண்டு பேர் போதாதா? நம்ம ஊர்க்காரர்தானே, பார்த்துப் போடுங்க.’ காலையில் நாலு மணிக்கே வந்து, முகூர்த்தம் முடிந்து பந்தி முடியும்வரை வாசிக்கிறவருக்கு வெற்றிலை பாக்கில் சுருட்டி வைத்துக் கொடுப்பதை வெளியில் எண்ணிப் பார்ப்பதுகூட மரியாதைக் குறைவாம். போட்டோகிராபருக்குத் தன் வேலைக்கு விலை வைக்கத் தெரிந்தது. மேளக்காரருக்கு விலை வைக்க நாம் விடவில்லை. இந்தப் பேரத்தைத் தூணோரம் நின்று நம் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. நாளைக்குத் தனக்கும் இதுதான் என்று புரிந்துகொள்ள அதற்கு வேறு பாடம் வேண்டாம்.

நம்மில் பாதிப் பேர் பால் ஊற்றுகிறவர்கள். சொசைட்டியில் அளக்கிறார்கள், கொழுப்பு பார்க்கிறார்கள், அதற்கேற்ற விலையைப் போடுகிறார்கள். ஒரு புள்ளி குறைந்தால் எழுதுகிறவரோடு சண்டைக்கு நிற்கிறோம். பசு தெய்வம்தான், அதனால் பாலுக்குக் காசு வேண்டாம் என்று யாரும் திரும்பி வரவில்லை. பிள்ளை பாடினால் மட்டும் சரஸ்வதி வந்து குறுக்கே நிற்கிறாள்.

‘அந்தக் காலத்தில் வித்வான்கள் காசு காசு என்றா அலைந்தார்கள்’ என்று ஒரு பெரியவர் சொல்வார். அலையவில்லை என்றால், அவர்களுக்காக வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். எம்.எஸ். சுப்புலட்சுமிக்குச் சதாசிவம் இருந்தார். எந்த மேடை, எந்த ஊர், எது நன்கொடைக் கச்சேரி என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சதாசிவம் கிடைக்க மாட்டார்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தவில்காரர் வீட்டுப் பையன் பத்து வயதிலேயே தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு செட்டோடு போகிறான். முகூர்த்த நாளுக்கு ஒரு ரேட், சாதாரண நாளுக்கு ஒரு ரேட் என்பது அவனுக்குத் தெரியும். முன்பணம் வாங்காமல் தேதி ஒதுக்கக் கூடாது என்பது தெரியும். நாயனத்துக்கு எவ்வளவு, தவிலுக்கு எவ்வளவு, ஒத்துக்கும் தாளத்துக்கும் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதை வேனின் பின்சீட்டிலிருந்தே பார்த்து வளர்கிறான். ராகத்தோடு சேர்ந்தே தொழிலும் உள்ளே போய்விடுகிறது. நாடகக் கொட்டகையிலும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் பொடியன்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள், 1925-இல் சொந்தமாக ஒரு சபாவே தொடங்கிவிட்டார்கள். பாட்டும் வசனமும் சுவாமிகளிடம் கற்றது. கொட்டகை பிடிப்பதும், வசூல் பார்ப்பதும், வசூல் இல்லாத ஊரிலிருந்து மூட்டை கட்டுவதும் கம்பெனியோடு கூடவே இருந்து கற்றது. அந்தச் சுவாமிகள் 1922-இல் கண்மூடியது நம் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இந்தச் செட்டும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. கூடப்பாக்கத்தில் கரும்பு போடுகிற வீடு, சேலியமேட்டில் கம்பெனி வேலைக்குப் போகிற வீடு, மணப்பட்டில் வலை இழுக்கிற வீடு. குடும்பத்தில் முதல் ஆளாக இசைக்குள் போகிறார்கள். வகுப்பில் மோகனமும் கல்யாணியும் கிடைக்கும். தொழில் எங்கே கிடைக்கும்? வீட்டில் கிடையாது, அப்படியென்றால் யாராவது உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும். இது கேவலம் என்று நினைக்கிறவர்கள், வயலில் இறங்காத பிள்ளைக்கு வரப்பு வெட்டத் தெரியவில்லை என்று திட்டுகிறவர்கள்தான்.

என்ன சொல்லித் தருவது? கணக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோயில். ஆடி மாதத் திருவிழா. கமிட்டிக்காரர் எட்டாயிரம் ரூபாய் தருகிறேன் என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்; எட்டாயிரம்! இப்போது பேப்பரும் பேனாவும் எடுங்கள். வயலினுக்கு 2,500, மிருதங்கத்துக்கு 2,500. பக்கவாத்தியக்காரர்கள் பாவம், அவர்களும் படிக்கிற பிள்ளைகளாக இருந்தால் இதற்கு வருவார்கள். போகவர வண்டி 1,200. பூ, புடவை இஸ்திரி, டீ, ராத்திரிச் சாப்பாடு என்று 500. மொத்தம் 6,700. பாடின பெண்ணுக்கு மிச்சம் 1,300. ஒத்திகை இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். கச்சேரியன்று சாயங்காலம் நாலரைக்குக் கிளம்பி, ஸ்பீக்கர்காரரோடு மல்லுக்கட்டி, அரசியல்வாதி வந்து மாலை வாங்கிப் போகும்வரை காத்திருந்து, பாடி, வீடு வந்து சேரப் பத்தரை. ஆகப் பன்னிரண்டு மணி நேரம். மணிக்கு நூற்றெட்டு ரூபாய் சொச்சம். சித்தாள் வேலைக்குப் போகிற அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

இதில் வாத்தியச் செலவை நான் சேர்க்கவே இல்லை. மிருதங்கத்துக்கு மூட்டு மாற்ற வேண்டும், வார் இழுக்க வேண்டும். வீணைக்குத் தந்தி அறும், சில வருஷத்துக்கு ஒரு முறை மேளம் கட்ட வேண்டும். நாயனத்துக்குச் சீவாளி நிற்கவே நிற்காது, வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். டிராக்டர் டயர் தேய்மானத்தை உழவுக் கூலியில் சேர்க்கத் தெரிந்த நமக்கு, சீவாளியைக் கச்சேரிக் கூலியில் சேர்க்கத் தோன்றவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளை உடனே பேராசைக்காரியாகி விட மாட்டாள். சில நேரம் எட்டாயிரத்துக்கே ஒப்புக்கொள்வாள், பெரிய கூட்டம் வரும் கோயில் என்பதற்காக. சில நேரம் ‘வண்டி உங்களுடையதாக இருக்கட்டும் சார்’ என்பாள். சில நேரம் வயலின் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேர நிகழ்ச்சியாகச் சுருக்குவாள். பேரம் என்பது இவ்வளவுதான். தெரிந்து குறைத்துக்கொள்வதும் தெரியாமல் ஏமாறுவதும் ஒன்றில்லை.

அடுத்தது எழுத்து. ‘வாய் வார்த்தை போதும், நம்ம ஆளுங்கதானே’ என்பது நம் பக்கத்துப் பெரிய வியாதி. பாகூர்க்காரர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சி ஆண்டில், உங்கள் ஊரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று கிராமங்களின் வருவாயை எழுதி வைத்தார்கள். பாகூர்ச் செப்பேடு என்று வரலாற்றுப் புத்தகங்களில் வருகிறதே, அதுதான். படித்தவர்கள் பசியில்லாமல் இருக்க வேண்டுமானால் அரிசி எந்த நிலத்திலிருந்து வரும் என்று யோசித்திருக்கிறார்கள். யோசித்ததைச் செம்பில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். ராஜாவே வாய் வார்த்தையை நம்பவில்லை. நாம் மட்டும் ‘முடிஞ்சதும் பார்த்துக்கலாம் தம்பி’யை நம்பி, நள்ளிரவில் மைக்செட்காரர் ஒயர் சுருட்டுகிறவரை கமிட்டி பொருளாளரைத் தேடிக்கொண்டு நிற்கிறோம்.

செம்பெல்லாம் வேண்டாம். தேதி, இடம், எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, எவ்வளவு தொகை, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, வண்டி யார் பொறுப்பு, மழை வந்து நின்றால் என்ன. ஒன்பது வரி. வாட்ஸ்ஆப்பில் அனுப்பி ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கிவிட்டால் முக்கால்வாசிச் சண்டை தீர்ந்தது.

பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் இந்த ஒன்பது வரியை இன்னொரு தடவை படியுங்கள். ‘ராத்திரி கச்சேரியா, வேண்டாம்’ என்று நாம் தடுப்பது பயத்தால். அது நியாயமான பயம். ஆனால் வண்டி யாருடையது, கூட யார் வருகிறார்கள், உடை மாற்ற அறை எங்கே, எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கத் தெரிந்த பெண்ணுக்குப் பாதுகாப்பு கூடும், குறையாது. கேட்கத் தெரியாதவள்தான் பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் பைக்கில் ஏறி வர வேண்டியிருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாடியது மகள், பணம் வந்தது அப்பாவின் ஜிபேயில். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வங்கிக் கணக்கும் பான் கார்டும் எடுத்துக் கொடுக்க என்ன தயக்கம்?

பான் கார்டு சும்மா சொல்லவில்லை. கடற்கரை ரிசார்ட்டோ கம்பெனியோ தொடர்ந்து நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டு, ஆண்டில் தருகிற தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் 20 சதவீதம். நம் பிள்ளைகளின் வருமானத்துக்கு வரியே வராது. ரிட்டர்ன் போட்டால் பிடித்த பணம் திரும்பி வரும். போடத் தெரியாததால் போனது போனதுதான். ‘ஜி.எஸ்.டி. அது இது என்று மாட்டிக்கொள்வோமா’ என்று பயப்படுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. செவ்வியல், நாட்டுப்புறக் கலை நிகழ்த்துகிறவர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை அந்த வரி கிடையாது. இதைச் சொல்ல ஓர் ஆடிட்டருக்கு ஒரு மணி நேரம் போதும். கேட்க வைக்கத்தான் ஆளில்லை.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது இன்னொரு பாடம். 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வெளிநாட்டுக் கச்சேரிகளில் இருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதே, டீக்கடையில் எல்லோரும் பக்கம் பிரிந்து சண்டை போட்டோமே. சண்டையோடு விட்டுவிட்டோம். சினிமாப் பாட்டை ஓட்டலில் பாடினால் உரிமம் வேண்டும். கல்யாண ஊர்வலத்திலும் கோயில் சடங்கிலும் பாடினால் சட்டம் விலக்குத் தருகிறது. தியாகராஜர் கிருதி யாருக்கும் பொது. ஆனால் பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவர்; இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு என்பதால், அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை அது இருக்கிறது. நம் பையன் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் பக்தி ஆல்பத்துக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, நீட்டின பேப்பரில் கையெழுத்துப் போட்டு, 3,000 ரூபாயோடு வருகிறான். அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருந்தது? 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று வைத்திருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது என்பதே தெரியாதவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

இங்கே பாரதியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நம் பிள்ளைகள் படிக்கிற பல்கலைக்கூடத்தின் வாசலில் அவர் பெயர் இருப்பதால். 1908 முதல் 1918 வரை நம் புதுச்சேரியில் இருந்தவர். 1920-இல், சாவதற்கு ஓர் ஆண்டு முன், தன் எழுத்துகளை 40 புத்தகமாக, ஒவ்வொன்றையும் 10,000 பிரதி அச்சிட்டு விற்பதாகத் திட்டம் போட்டு, முதலுக்குக் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை எழுதினார். மகாகவி வியாபாரத் திட்டம் போட்டார், ஐயா! கலைக்கு விலை பேசக் கூடாது என்று நமக்குச் சொன்னது யாராக இருந்தாலும் அது பாரதி இல்லை. கடன் தர ஆள் இல்லை, திட்டம் கிடப்பில் போனது. அவர் போன பிறகு, அவர் பாட்டை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை குடும்பத்தை விட்டு வியாபாரிகள் கைக்குப் போய், பிறகு ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து, 1949-இல் அரசு வரை போய்த்தான் எல்லோருக்கும் பொதுவாக வழி பிறந்தது. அந்தப் பெயர் வைத்த கட்டடத்துக்குள் படிக்கிற பிள்ளைக்கு உரிமைப் பத்திரம் படிக்கத் தெரிய வேண்டாமா?

‘இதெல்லாம் பெரிய பெரிய பாடகர்களுக்கு. நம்ம ஊரில் என்ன வேலை இருக்கிறது’ என்பீர்கள். இருக்கிறதைப் பாருங்கள். சனி, ஞாயிறு ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் கல்யாணங்கள். வரவேற்புக்கு வீணையும் புல்லாங்குழலும் கேட்கிறார்கள். பரதநாட்டிய அரங்கேற்றம் என்றால் பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் வேண்டும், ஒத்திகைக்கும் தனிச் சம்பளம். கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே கம்ப்யூட்டரில் வகுப்பு எடுக்கலாம். ஆனால் மாத ஆரம்பத்தில் கட்டணம் வாங்குவது, வராத வகுப்புக்கு என்ன விதி, அவர்கள் ஊர் நேரம் என்ன என்று முதலிலேயே பேசியிருக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கர்நாடக இசை ஒரு பாடமாகவே உண்டு. புதுவை அரசுப் பள்ளிகள் அந்தப் பாடத்திட்டத்துக்குத்தான் மாறியிருக்கின்றன. வானொலியில் ஆடிஷன் கொடுத்துக் கிரேடு வாங்கலாம். அந்தக் கிரேடை வைத்து வெளியிலும் மதிப்பு. ஆரோவில் ஸ்வரம் பட்டறையில் சுற்றுக் கிராமத்து இளைஞர்கள் இசைக்கருவி செய்கிறார்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தக் கலைக்கு 2020-இல் வி.கே. முனுசாமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது என்று போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினோம். மண்ணைப் பிசைந்தவர் அதை விற்கவும் கற்றுக்கொண்டார் என்பதை மட்டும் பேசவில்லை.

மத்தியக் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டு உதவித்தொகை தருகிறது; நாடு முழுக்க ஆண்டுக்கு 400 பேருக்கு. அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும், தன் பயிற்சியைப் பற்றி நாலு வார்த்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பாடிவிடுவார்கள். தன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னால் விழிப்பார்கள். எழுதினதில்லை, எழுத வைக்கவும் இல்லை.

அரசாங்க வேலை பற்றி ஒரு வார்த்தை, அதற்கு மேல் வேண்டாம். எழுத்தர் தேர்வுக்குப் படிக்க வேண்டுமானால் படிக்கட்டும். ஆனால் மூன்றாம் ஆண்டு கச்சேரிக்குப் பயிற்சி செய்கிற பெண்ணின் சுருதிப்பெட்டி மேல் பொது அறிவுப் புத்தகத்தைத் தூக்கிப் போடுவதற்குப் பெயர் அக்கறை இல்லை.

‘பெத்தவங்க நாங்க இதெல்லாம் எப்படிச் சொல்லித் தருவோம்’ என்றால், அது சரியான கேள்வி. நாம் சொல்லித்தர முடியாது. கேட்டு வாங்க முடியும். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் என்ற ஊரில் 1921-இல் ஓர் இசைப்பள்ளி தொடங்கினார்கள், கோடாக் பிலிம் கம்பெனி ஜார்ஜ் ஈஸ்ட்மன் பணத்தில். நம் பழைய சினிமா போஸ்டரில் ‘ஈஸ்ட்மன் கலர்’ என்று பார்ப்போமே, அந்தக் கம்பெனிதான். பெரிய பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு வாத்தியக்காரர்களை அனுப்புகிற அந்தப் பள்ளியே, வாசிக்க மட்டும் தெரிந்தால் போதாது என்று 1996-இல் தொழில் நடத்தவும் பொறுப்பேற்கவும் தனிப் பயிற்சி வைத்துவிட்டது. அங்கே படிக்கிற வசதியான வீட்டுப் பிள்ளைக்கே தேவைப்பட்டது, குருவிநத்தத்துப் பிள்ளைக்கு வேண்டாமா?

இங்கேயும் கதவு மூடிக் கிடக்கவில்லை. யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரையறையில் திறன் மேம்பாட்டுப் பாடங்களுக்கு 9 கிரெடிட் ஒதுக்கியிருக்கிறார்கள். வெளியில் போய்ப் பயிலும் இன்டர்ன்ஷிப்புக்கும் 2 முதல் 4 கிரெடிட். இசை மாணவர்களுக்கு அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? பெற்றோர் கூட்டம் என்று கடிதம் வந்தால் வருகைப் பதிவு குறைவு என்பதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம். இந்தத் தடவை வேறு ஒன்று கேளுங்கள். கொட்டேஷன் எழுத, ஒப்பந்தம் படிக்க, வரவு செலவு வைக்க, காப்புரிமை புரிய ஒரு பருவம் வகுப்பு வையுங்கள் என்று கேளுங்கள். ஓர் ஆடிட்டர், ஒரு வக்கீல், ஒரு சவுண்ட் என்ஜினியர், இதே கல்லூரியில் படித்துவிட்டு இன்று கச்சேரியிலேயே குடும்பம் நடத்துகிற பழைய மாணவர் இரண்டு பேர். இவர்களை வரவழைக்கப் பெரிய நிதி தேவையில்லை. ரிசார்ட்டில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிற மேனேஜரிடமோ, வானொலி நிலையத்திலோ ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்க அனுப்புங்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்கள் மேல் பழி போட நான் எழுதவில்லை. சாதகம் வாங்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. கேட்கிற பெற்றோர் நாலு பேர் சேர்ந்து வந்தால் அவர்களுக்கே அது பலம்.

காசே வாங்காமல் பாடக் கூடாதா என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். தாராளமாகப் பாடலாம். ஜூன் 21 அன்று பிரெஞ்சுக்காரர்கள் 1982-இல் தொடங்கின இசைத் திருநாள் நம் புதுவைத் தெருக்களிலும் நடக்கிறது; அதில் இலவசமாகப் பாடுவதுதான் அழகு. திருக்காமீஸ்வரர் தேரோட்டத்தில் பாட அழைத்தால், குலதெய்வத்துக்கு வேண்டுதல் இருந்தால், அப்போதும் பாடலாம். எங்கே இலவசம், எங்கே பாதி, எங்கே முழுச் சம்பளம் என்பதைப் பாடுகிறவள் முடிவு செய்ய வேண்டும். நீங்களும் நானும் கமிட்டிக்காரரும் சேர்ந்து திண்ணையில் முடிவு செய்துவிட்டு அவளிடம் தேதி மட்டும் சொல்வது நிற்க வேண்டும்.

மாசி மகம் நெருங்குகிறது என்றால் போன் வரும். ‘என்னண்ணே, நம்ம பாப்பாவை ஒரு மணி நேரம் பாட வச்சிடலாமா?’ என்று கமிட்டிக்காரர் ஆரம்பிப்பார். ‘அதுக்கென்ன, தாராளமா’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘அவ நம்பர் தரேன், அவகிட்டயே பேசிக்குங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். அவள் தொகை சொல்லும்போது பக்கத்தில் நின்று கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டாதீர்கள். அந்த நேரத்துக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டால் இன்னும் நல்லது.